மடல்மாலையிலும் மனைவாயிலிலும் ஆவிரை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய அமைப்புக்குப் பத்தாண்டு என்பது சிறிய காலம் அன்று. இத்தகைய விழா நாளில் காப்பியங்களைப் பற்றியோ பெரும்புலவர்களைப் பற்றியோ உரையாற்றுவது மரபு. இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் மிக எளியது. எவரும் விதைக்காமல், எவரும் நீர் ஊற்றாமல், வேலியோரத்திலும் கரட்டு மேட்டிலும் மணற்பாங்கான செம்மண்ணிலும் தானாக முளைத்துப் பொன்னிறமாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ் செடியே அது. துடியலூரில் பிறந்து வளர்ந்த மூத்தோருக்கு இச்செடியை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் அடுத்த தலைமுறைக் கவிஞருக்கு அறிமுகப்படுத்த வேண்டிய நிலை வந்துவிட்டது. அதனாலேயே இப்பொருள் இவ்வவையில் பேசப்படுகிறது.

பெயரும் இலக்கணமும்

சங்க நூல்கள் இச்செடியை ஆவிரை என்று வழங்குகின்றன. மக்கள் வழக்கில் அது ஆவாரை ஆயிற்று. பூவைக் குறிக்கும்போது எவரும் 'ஆவாரைப்பூ' என்பதில்லை. 'ஆவாரம்பூ' என்றே சொல்லுவர். படிப்பறியாத பாட்டியும் அப்படித்தான் சொல்லுகிறார், பள்ளிக் குழந்தையும் அப்படித்தான் சொல்லுகிறது. இந்த 'அம்' எங்கிருந்து வந்தது?

தொல்காப்பியம் இதற்கு விடை கூறுகிறது. எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியலில் ஐகார ஈற்றுப் பெயர்களைப் பற்றிச் சொல்லும்போது, பனை, அரை, ஆவிரை என்னும் மூன்று மரஞ்செடிப் பெயர்களை ஆசிரியர் தனியே எடுத்து ஓதுகிறார். இம்மூன்றும் பிற சொல்லோடு புணரும்போது அம்முச்சாரியை பெறும். அரை என்பதைத் தவிர மற்ற இரண்டிலும் இறுதி ஐகாரம் கெடும் என்பது விதி. பனை என்பது பனங்காய், பனம்பழம் ஆவதும், ஆவிரை என்பது ஆவிரங்கோடு, ஆவிரம்பூ ஆவதும் இவ்விதியின்படியே ஆகும். ஆக, துடியலூர்ச் சந்தையில் ஒருவர் ஆவாரம்பூ என்று சொல்லும்போது, தாம் அறியாமலேயே தொல்காப்பிய நூற்பா ஒன்றைக் காத்து நிற்கிறார். ஏட்டில் உள்ள இலக்கணத்தை நாவில் வைத்துக் காத்தவர் புலவர் மட்டும் அல்லர் என்பதற்கு இதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது.

செடியின் உருவம்

பெயரை அறிந்த பின் பொருளை அறிதல் வேண்டும். ஆவாரை ஒரு குறுஞ்செடி. ஓர் ஆள் உயரம் வரை வளரும். நல்ல இடத்தில் அதற்கு மேலும் உயரும். அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரியும். பட்டை பழுப்பு நிறமும் வழுவழுப்பும் உடையது. இலை, புளிய இலையைப்போலக் காம்பின் இருபுறமும் இணை இணையாக அமைந்த கூட்டிலை. பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள் இருக்கும். உற்று நோக்கினால் ஒவ்வோர் இணைக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் நுண்ணிய சுரப்பி ஒன்றைக் காணலாம்.

இலைக்காம்பின் அடியில் காது மடல் போன்ற அகன்ற இலையடிச் செதில்கள் உள்ளன. உதிராமல் நிலைத்து நிற்கும் இச்செதில்களே ஆவாரையை அடையாளம் காட்டுவன. 1753-இல் இச்செடிக்குக் 'காசியா ஆரிகுலேட்டா' என்று பெயரிட்ட லின்னேயசு, 'காதுடையது' என்னும் பொருள்படவே அப்பெயரை அமைத்தார். பின்னர் இது 'சென்னா' என்னும் பேரினத்துள் வைக்கப்பெற்றது. இன்று தாவரவியலார் 'சென்னா ஆரிகுலேட்டா' என்றே வழங்குகின்றனர். சிவபெருமானுக்குரியதாகப் பாடப்பெறும் சரக்கொன்றை பழைய காசியா இனத்திலேயே நிற்கிறது. ஒரு காலத்தில் ஒரே இனத்தில் வைத்து எண்ணப்பட்ட கொன்றையும் ஆவிரையும் இன்று பங்காளி முறையில் நிற்கின்றன எனலாம்.

பூ ஏறத்தாழ இரண்டு விரற்கடை அகலம் உடையது. ஐந்து இதழ்கள், அவற்றின் விளிம்பு சற்றே சுருங்கியிருக்கும், மஞ்சள் நிறத்தின் ஊடே செம்மஞ்சள் நரம்புகள் ஓடும். காய் தட்டையானது, முற்றினால் காகிதம்போல் மெலிந்து பழுப்பு நிறம் பெறும், காற்றில் சலசலக்கும். உள்ளே பத்துக்கு மேற்பட்ட கடிய விதைகள் இருக்கும்.

தேனில்லாப் பூ

கவிஞர்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இப்பூவினுள் இருக்கிறது. பூவென்றால் தேன், தேனென்றால் வண்டு என்று எழுதிப் பழகிவிட்டது கவிதை உலகம். ஆவாரம்பூவில் தேன் இல்லை. அப்படியாயின் வண்டு ஏன் வருகிறது?

மகரந்தத்துக்காக வருகிறது. ஆவாரம்பூவின் மகரந்தத் தாள்கள் பத்து. மேலே உள்ள மூன்று மெலிந்து பயனற்றவை. நடுவே நான்கு குறுகியவை. கீழே உள்ளவை நீண்டு வளைந்தவை. பிற பூக்களில் மகரந்தப் பை நெடுகப் பிளந்து பொடியைச் சிந்தும். இதிலோ பையின் நுனியில் நுண்துளை மட்டுமே உண்டு. உப்புச் சிமிழைக் குலுக்கினால் உப்பு உதிர்வது போல, பை அதிர்ந்தால்தான் பொடி வெளிவரும். மரத்தைத் துளைத்துக் கூடு அமைக்கும் பெரிய கருவண்டு பூவைக் கால்களால் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்கும் தசைகளை அதிரச் செய்து ரீங்கரிக்கிறது. அவ்வதிர்வில் பொடி சிதறுகிறது. நடுத்தாள்களின் பொடியை வண்டு தன் உணவுக்குத் திரட்டும்போது, நீண்ட தாள்களின் பொடி அதன் உடலில் படிந்து அடுத்த பூவுக்குச் செல்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. சில பூக்களில் சூல்தண்டு இடப்புறம் வளைந்திருக்கும்; சிலவற்றில் வலப்புறம் வளைந்திருக்கும். வண்டின் ஒரு பக்கத்தில் ஒட்டிய பொடி, எதிர்ப்பக்கம் வளைந்த பூவின் சூல்முடியைச் சென்று சேர இவ்வமைப்பு துணை செய்கிறது. அவையோர் ஒரு காலைப்பொழுதில் ஆவாரம் புதரருகே பொறுமையாக நின்று பார்த்தால் இவ்விரு வகைப் பூக்களையும் தம் கண்ணாலேயே காணலாம்.

வண்டின் ஒலியை இசையென்றும் யாழென்றும் பாடியது தமிழ் மரபு. ஆவிரையைப் பொறுத்தவரை அவ்வொலி தொழிற்கருவி. ஒலியில்லையேல் உணவில்லை, உணவுக்கு வண்டு வரவில்லையேல் காயில்லை. இதை அறிந்த கவிஞர் 'ஆவாரம்பூவில் தேனருந்தும் வண்டு' என்று எழுதமாட்டார். அவர் எழுதக்கூடியது அதனினும் சிறந்ததாக இருக்கும்.

மண்ணும் வாழ்வும்

மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் அமைந்தது கோவை. ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. மலையிலிருந்து ஓடைகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் செம்மண்ணும் கலந்த மேட்டு நிலத்தில் நீர் தங்குவதில்லை. அத்தகைய நிலத்தில் ஆழமாக வேரூன்றிக் கோடையைக் கடப்பது ஆவாரை. வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். ஆடுமாடுகள் இதை விரும்பி மேய்வதில்லை. மேய்ச்சல் நிலத்தில் மற்றவை கடிபட்டு ஒழியும்போது ஆவாரையும் எருக்கும் நிலைத்து நிற்பதற்கு அதுவே காரணம். ஆனால் வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு இவ்விலை உணவாகிறது.

கொங்கு நாட்டு உழவருக்கு இச்செடி பலவகையிலும் உற்ற துணை. தழை வயலுக்கு எரு. குச்சி பல் துலக்க உதவும். கடும் வெயிலில் வேலை செய்வோர் தழையைத் தலையில் வைத்துத் துண்டால் கட்டிக்கொள்வர். உலர்ந்த பூ குளியற்பொடியிலும், கொதிக்கும் நீரிலும் இடம்பெறும். இலை, பூ, பட்டை, வேர், காய் ஆகிய ஐந்தையும் ஆவாரைப் பஞ்சாங்கம் என்று சித்த மருத்துவம் கூறும். நீரிழிவுக்கு வழங்கப்படும் ஆவாரைக் குடிநீரில் முதற்பொருள் இதுவே. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்னும் பழமொழி இந்நம்பிக்கையில் பிறந்தது. பழமொழியின் மிகையை மருத்துவக் கட்டளையாகக் கொள்ளாமல், மருத்துவர் அறிவுரையோடு பயன்கொள்வதே அறிவுடைமை.

தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம்பட்டை ஒரு காலத்தில் அரசோச்சியது. பட்டையில் உள்ள துவர்ப்பொருள் தோலை அழுகாமல் காக்கும். சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்டுக் கடுக்காயால் மெருகேற்றிய தோல் கடல் கடந்து சென்றது. 1914-இல் தொடங்கிய முதல் உலகப்போரில் படைவீரர்களின் காலணிகளுக்கு அத்தோல் பயன்பட்டது. பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரப்பட்டை ஆவாரையின் இடத்தைக் கைப்பற்றியது. இறக்குமதியைக் குறைக்கும் நோக்குடன் நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் காடுகள் வளர்க்கப்பட்டன. அம்மரங்கள் வரம்பின்றிப் பரவி, சோலைகளை அடுத்த மலைப் புல்வெளிகளை விழுங்கின. மலைப் புல்வெளி சுருங்கினால் ஓடைகளின் நீரும் சுருங்கும். கரட்டுச் செடி ஒன்று தொழிலிலிருந்து விலக்கப்பட்ட கதை, மலையுச்சியின் நீர்வளம் வரை நீண்டதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மடல்மாலை

இனி இலக்கியத்துக்கு வருவோம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த தொண்ணூற்றொன்பது மலர்களுள் ஆவிரையும் ஒன்று. அங்கே அது மகளிர் விளையாட்டின் மலர்.

மற்றோர் இடத்தில் அது நாணத்தைத் துறந்தவனின் மலர். காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் குதிரை செய்து, அதன்மேல் ஏறி ஊர்த்தெருவில் வருவேன் என்பான். அக்குதிரைக்கு ஆவிரை மாலை சூட்டப்படுவதைக் குறுந்தொகையின் 173-ஆம் பாட்டில் காணலாம். கலித்தொகையின் நெய்தற்கலியில் மடல் பற்றிய பாடல்களில் ஆவிரையோடு பூளையும் எருக்கும் சேர்த்துக் கட்டப்படுகின்றன.

ஏன் இம்மலர்கள்? மல்லிகையும் முல்லையும் இருக்க, ஆவிரையும் பூளையும் எருக்கும் ஏன் மடல்மாலைக்கு உரியவாயின? உரைகளை மட்டும் நோக்கினால் இவை இழிந்த பூக்கள், சூடாத பூக்கள் என்னும் விளக்கத்தோடு அமைய நேரும். செடிகளை நோக்கினால் விடை இன்னும் தெளிவாகிறது. இம்மூன்றும் ஊர்ப்புறத்து வெற்று நிலத்தில் வளர்பவை. இவற்றுக்கு உரிமையாளர் இல்லை. வேலி இல்லை. வளர்த்தவர் இல்லை. ஆவிரையையும் எருக்கையும் ஆடுமாடும் நாடா. மனையும் மானமும் துறந்து ஊர் நடுவே வரத் துணிந்தவன், மனைக்குள் வளராத பூவையே சூடுகிறான். அவன் நிலையை அச்செடிகளின் நிலையே சொல்லிவிடுகிறது. புலவர் அதை விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் அன்று இல்லை. கேட்டவர் அனைவரும் அச்செடிகளைத் தினமும் கண்டவர்கள்.

மடற்குதிரை பனையால் ஆனது, அதன் மாலை ஆவிரையால் ஆனது. தொல்காப்பியர் ஒரே நூற்பாவில் அருகருகே வைத்த இருபெயர்களும் அவையே. அங்குக் காரணம் புணர்ச்சி விதியே ஆயினும், வறண்ட மண்ணின் இவ்விரு பயிர்களும் இலக்கணத்திலும் இலக்கியத்திலும் இணைந்தே வருவது மகிழ்ச்சி தரும் ஒற்றுமை.

மனைவாயில்

மடல்மாலையில் இருந்த அதே ஆவிரையும் பூளையும் இன்று கொங்கு நாட்டில் எங்கே இருக்கின்றன? மார்கழித் திங்களின் இறுதி நாளில் ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் இருக்கின்றன. ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, கூரை இறவாணத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் கிணற்றடியிலும் வயலிலும் செருகுவதே காப்புக்கட்டு. பொங்கலை ஒட்டிய நாள்களில் சிறுமியரும் பெண்டிரும் கூடைகளோடு சென்று ஆவாரம்பூப் பறித்து வந்து கும்மியடித்துக் கொண்டாடும் பூப்பறிக்கும் நோன்பும் இந்நாட்டுக்கு உரியது. குறிஞ்சிப்பாட்டு மகளிர் பறித்த பூவை இவர்கள் இன்னும் பறிக்கின்றனர்.

ஆகவே, மனையைத் துறந்தவன் சூடிய பூவே மனையைக் காக்கும் பூவாகவும் விளங்குகிறது. இதில் முரண் இல்லை. எவராலும் வளர்க்கப்படாமல், எதற்கும் கெடாமல், கோடையில் கருகாமல் நிற்கும் ஆற்றலே இரண்டிடத்தும் பொருள். ஒருவன் அதைத் தன் துணிவின் அடையாளமாகக் கொண்டான். ஓர் ஊர் அதைத் தன் காவலின் அடையாளமாகக் கொண்டது.

கொங்கு நாட்டுக்கு அப்பாலும் இம்மலருக்குச் சிறப்பு உண்டு. 2014-இல் தனி மாநிலமான தெலங்கானா, தங்கேடு என்னும் பெயரில் இதனையே தன் மாநில மலராகக் கொண்டது. அங்கு பதுக்கம்மா விழாவின் பூவடுக்கில் இது முதன்மை பெறுகிறது. இலங்கையில் சிங்கள மக்கள் ரணவரா என்று பெயரிட்டு இதன் பூவைக் காய்ச்சி அருந்துகின்றனர்.

இழப்பு

துடியலூர் 2011-இல் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. மேட்டுப்பாளையம் சாலையின் இருமருங்கும் இருந்த தரிசு நிலங்கள் மனைகளாகின. மேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல்லுக்காகச் செம்மண் ஆழமாக அகழப்பட்டது. அங்கிருந்த சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. ஆயினும் அகழ்ந்த மண் திரும்பவில்லை. ஆவாரை நின்ற மேல்மண்ணே போன பிறகு, விதை விழுந்தாலும் வேர் எங்கே ஊன்றும்?

சாலையோரங்களில் மஞ்சள் பூக்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுள் பல அயல்நாட்டுச் செடிகள். எக்காளம் போன்ற மஞ்சள் பூவுடைய தெக்கோமாவை ஆவாரை என்று நினைப்போர் உண்டு. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மரமோ முதுமலை முதலிய காடுகளில் பரவிப் பெருந்தொல்லையாகியுள்ளது. அதுவும் ஆவாரையின் இனமே. அயலிலிருந்து வந்த உறவு காட்டைப் பிடிக்கிறது. மண்ணுக்குரிய செடி வேலியோரத்தையும் இழக்கிறது.

காப்புக்கட்டு இன்னும் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் நகரத்தில் அது சந்தையில் கட்டாக வாங்கும் பொருளாகிவிட்டது. கட்டாக வருவது பூவும் தழையும் மட்டுமே. காது போன்ற செதிலும், கருவண்டின் அதிர்வும், காற்றில் சலசலக்கும் காயும், ஆடு விலகிச் செல்லும் காட்சியும் அக்கட்டில் வருவதில்லை. அவற்றைக் காணாதவருக்கு மடல்மாலை ஏன் ஆவிரையால் ஆயிற்று என்பது உரையாசிரியர் சொல்லித் தெரியவேண்டிய செய்தியாகிவிடும். ஒரு செடி ஊரைவிட்டு நீங்கும்போது அதனோடு ஒரு பாட்டின் பாதிப் பொருளும் நீங்குகிறது. அச்சுநூல் பாட்டைக் காக்கும்; அப்பாதியைக் காக்க நிலம் வேண்டும்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்டு துடிசைகிழார் என்று விளங்கிய அ. சிதம்பரனார் போன்ற தமிழறிஞரைத் தந்த மண் இது. இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாக ஆவாரையைக் கொள்ளலாம்.

அது பெரிய செலவு பிடிக்கும் பணி அன்று. முற்றிய காய்களைக் கோடையில் சேர்த்து வைத்தால் போதும். விதையின் தோல் கடினமானது; மணலோடு தேய்த்து ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் எளிதில் முளைக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் பள்ளி வேலியோரத்திலும் கோயில் நிலத்தின் ஓரத்திலும் ஊன்றலாம். முதற்கோடையைக் கடந்துவிட்டால் பிறகு அது எவரையும் நம்பியிராது. கோவையில் 1955 முதல் இயங்கிவரும் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உலர்த்திப் பாதுகாக்கப்படும் தாவரத் தொகுப்பைக் கவிஞர்கள் ஒருமுறையேனும் சென்று காண்பது நன்று. ஆனால் தாளில் ஒட்டிய ஆவாரையே எஞ்சும் நாள் துடியலூருக்கு வரக்கூடாது.

சங்கப் புலவர் தாம் பாடிய செடியை அறிந்திருந்தனர். இலை எத்தகையது, எந்நிலத்தது, எப்பொழுது பூப்பது, எவ்வுயிர் அதை நாடும், எவ்வுயிர் நாடாது என்பதெல்லாம் அவர்க்குத் தெரியும். அதனால் ஒரு பூவின் பெயரைச் சொன்னாலே ஒரு நிலையைச் சொன்னதாயிற்று. இன்றைய கவிஞரும் ஆவாரை என்று எழுதும் முன் ஒருமுறை அதன் அருகே சென்று நிற்பாராக. வரும் மார்கழியின் இறுதி நாளில் இவ்வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டு வாயிலிலும், சந்தையில் வாங்காமல், தாமே விதைத்து வளர்த்த செடியின் பூ காப்பாக நிற்கும் நாள் எந்த ஆண்டில் வருமோ, அந்த ஆண்டே இவ்வட்டத்துக்கு மற்றொரு விழா ஆண்டாக அமையும் என்று கூறி இவ்வுரை நிறைவுறுகிறது.